எரிந்த நூலகமும் தப்பிய நோட்டுப் புத்தகங்களும்

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், டேபிள் மலைச் சரிவில் ரோட்ஸ் நினைவிடத்துக்குப் பக்கத்தில் காலையில் தீ பிடித்தது. காற்று அதைக் கீழே தள்ளிக்கொண்டு வந்தது. 1796ல் கட்டிய மோஸ்டர்ட் காற்றாலையின் கூரை எரிந்தது. அடுத்தது மலையடிவாரத்தில் இருக்கும் கேப் டவுன் பல்கலைக்கழகம். விடுதி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். பல்கலைக்கழகத்தின் ஜேகர் நூலகத்துக்குள் தீ புகுந்து, உயரமான தூண்கள் கொண்ட அந்த அழகான வாசிப்புக் கூடம் கூரையோடு சரிந்தது.

அன்று ட்விட்டரில் உலகம் முழுவதும் சுற்றிய படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் ஜன்னலாகத் தீ. அதைப் பார்த்த வரலாற்று ஆய்வாளர்கள் பலருக்கும் முதலில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: "பிளீக் - லாயிட் நோட்டுகள் என்ன ஆயின?"

அப்படி என்ன நோட்டுகள் அவை? ஒரு பல்கலைக்கழகம் தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் வரலாற்றை எப்படிச் சேர்க்கிறது, எப்படிக் காக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது (யாருக்குக் கொடுக்காமல் போகிறது) என்பதையெல்லாம் இந்த ஒரு தொகுப்பை வைத்தே சொல்லிவிடலாம். அதனால் கொஞ்சம் பின்னால் போவோம். 150 வருடம் பின்னால்.

1870ல் கேப் டவுன் துறைமுகத்துக்கு அலைதாங்கிச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் உடைத்துச் சுமந்தவர்கள் கைதிகள். அந்தக் கைதிகளில் 28 பேர் வடக்கே கரூ வறண்ட நிலத்தைச் சேர்ந்த 'புஷ்மன்' மக்கள் என்ற செய்தி வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானியரின் காதுக்கு எட்டியது. ('புஷ்மன்' என்பது வெள்ளையர் வைத்த பெயர். இப்போது 'சான்' என்கிறார்கள். அதுவும் அடுத்த வீட்டுக்காரர்கள் வைத்த பெயர்தான். அந்தக் குறிப்பிட்ட மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயரை இந்தக் கட்டுரையில் 'ஹாம்' என்று எழுதுகிறேன்.)

பெயரை நான் சரியாக எழுதவில்லை. எழுதவும் முடியாது. ஹாம் மொழியில் எக்கச்சக்கமான 'சொடுக்கு' ஒலிகள் உண்டு. நாம் பரிதாபப்பட்டு 'ச்சு' கொட்டுகிறோமே, அந்த ஒலி அவர்களுக்கு ஒரு மெய்யெழுத்து. மாட்டை விரட்ட நாக்கை ஒரு பக்கமாக மடக்கி எழுப்பும் ஒலி இன்னொரு மெய்யெழுத்து. 'ஹாம்' என்பதில் 'ஹா'வுக்கு முன்னால் அந்த 'ச்சு' வர வேண்டும். இதையெல்லாம் காகிதத்தில் கொண்டுவர நெட்டுக்கோடு, இரட்டை நெட்டுக்கோடு, ஆச்சரியக்குறி என்று குறிகளைப் போடுகிறார்கள். தமிழில் எழுதும்போது அவையெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன, மன்னிக்கவும்.

பிளீக் பெர்லினில் பிறந்தவர், மொழியியலாளர். ஜூலு இலக்கணம் எழுத ஆப்பிரிக்காவுக்கு வந்து, கேப் டவுனில் ஒரு நூலகத்தைக் கவனிக்கும் வேலையில் அமர்ந்தார். சொடுக்கு ஒலி மொழிகள் மேல் அவருக்கு ஆசை. அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, சிறையில் இருந்த ஒரு இளைஞரை மோப்ரே பகுதியில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்து வந்தார். இன்றைய பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மோப்ரே. அந்த இளைஞர் பெயர் அகுன்டா. பதினெட்டு வயதோ என்னவோ. 1871 பிப்ரவரியில் அவரோடு சேர்ந்துகொண்டவர் கப்போ. வயதானவர், நல்ல கதைசொல்லி. 'கப்போ' என்றால் ஹாம் மொழியில் கனவு என்று அர்த்தம்.

இவர்கள் செய்த குற்றம் என்ன? கால்நடைத் திருட்டு. பின்னணி தெரிந்தால்தான் இந்தக் 'குற்றம்' புரியும். குடியேறிய வெள்ளைப் பண்ணைக்காரர்கள் கரூவில் இருந்த நீரூற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். வறண்ட நிலத்தில் ஊற்று போனால் எல்லாம் போன மாதிரி. மான் கூட்டங்கள் துப்பாக்கிக்கு இரையாயின. எதிர்த்தவர்களைக் குதிரைப்படை வைத்து வேட்டையாடினார்கள். பசியோடு இருந்தவன் ஆட்டைத் திருடினான், சிறைக்குப் போனான். இன்னொரு கதைசொல்லியான டியாக்வைன், தன் குடும்பத்தை மிரட்டிய பண்ணைக்காரரைக் கொன்றதற்காகத் தண்டனை பெற்றவர்.

ஆக, ஹாம் மக்களைப் பற்றி உலகத்திடம் இருக்கும் மிகப்பெரிய ஆவணம், கைதிகளின் வாயிலிருந்து வந்தது. இதை நாம் மறந்துவிட்டு 'அரிய தொகுப்பு', 'பொக்கிஷம்' என்று மட்டும் பேசினால் பாதி வரலாறு காணாமல் போய்விடும். 'நினைத்தால் எழுந்து போய்விடலாம்' என்ற நிலையில் இல்லாத ஒருவர் கதை சொல்வதற்கும், சுதந்திரமாக உட்கார்ந்து சொல்வதற்கும் வித்தியாசம் உண்டுதானே? ஆனால் கப்போ விஷயம் அவ்வளவு எளிதும் இல்லை. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அவர் 1873 அக்டோபர் வரை அங்கேயே தங்கினார். ஒரு துப்பாக்கி தருவதாக பிளீக் சொல்லியிருந்தார் (ஊர் திரும்பினால் வேட்டையாடிப் பிழைக்கலாமே!). தன் மக்களின் கதைகள் புத்தகம் வழியாக மற்றவர்களுக்குத் தெரியவரும் என்ற எண்ணம் அவருக்குப் பிடித்திருந்தது என்றும் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள். யாருடைய வேலைக்கு யார் பயன்பட்டார்கள் என்பதை ஒற்றை வரியில் தீர்த்துவிட முடியாது.

இப்போது இந்தக் கதையின் உண்மையான நாயகிக்கு வருகிறேன். லூசி லாயிட். பிளீக்கின் மனைவியுடைய அக்கா. முறைப்படி மொழியியல் படித்தவர் இல்லை. காது மட்டும் அபாரமான காது. பிளீக்கின் கவனம் சொற்களிலும் இலக்கணத்திலும் இருந்தது. லூசிதான் கதைகளை, நினைவுகளை, ஊர் விவரங்களை, சொன்னது சொன்னபடி எழுதிக்கொண்டே போனவர். 1875ல் பிளீக் தன் 48ஆவது வயதில் இறந்துவிட்டார். லூசி நிறுத்தவில்லை. பிளீக்கின் நூலக வேலையைப் பாதிச் சம்பளத்துக்கு இவருக்குக் கொடுத்தார்கள், 1880ல் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போதும் நிறுத்தவில்லை. கப்போவின் மருமகன் ஹன்கஸ்ஸோ, வரும் வழியில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டுக் கேப் டவுன் வந்து சேர்ந்தவர், 1878 - 79ல் சொன்னதையெல்லாம் எழுதியவர் லூசிதான். பெண் கதைசொல்லி ஒருவரும் உண்டு, டியாக்வைனின் சகோதரி. தொகுப்பில் இருக்கும் பெரும்பாலான பக்கங்கள் லூசியின் கையெழுத்து. இருந்தும் ரொம்ப காலம் இது 'பிளீக் தொகுப்பு' என்றே அறியப்பட்டது. யுனெஸ்கோ 1997ல் தன் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தபோதுகூட பிளீக் பெயரில்தான் சேர்த்தது. (வழக்கம்போல!)

எல்லாம் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட நோட்டுப் புத்தகங்கள், 12,000க்கும் மேற்பட்ட பக்கங்கள். வலது பக்கத்தில் ஒரு பத்தியில் ஹாம், அடுத்த பத்தியில் ஆங்கிலம். இடது பக்கம் காலியாக விடப்பட்டிருக்கும். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது, விட்டுப்போனது, ஒரு சொல்லுக்குக் கதைசொல்லி கொடுத்த விளக்கம் இதெல்லாம் அங்கே ஏறும். எந்தத் தேதியில் யார் சொன்னது, அதை அவர் யாரிடம் கேட்டார் (பெரும்பாலும் அம்மாவிடம்!) என்ற குறிப்புகளும் இருக்கின்றன. இன்றைய வாய்மொழி வரலாற்று மாணவன் ஒருவன் இந்த ஒழுங்கைப் பார்த்தால் வெட்கப்படுவான்.

உள்ளே என்ன இருக்கிறது? கும்பிடுபூச்சி உருவில் வரும் ஒரு குறும்புக்காரக் கடவுள், எலாண்ட் மானைப் படைத்த கதை. அடுப்புச் சாம்பலை வானத்தில் வீசி எறிந்து பால்வீதியை உண்டாக்கிய பெண்ணின் கதை. நிலாவும் முயலும் சண்டை போட்டு மனிதனுக்குச் சாவு வந்த கதை. இவை நாட்டார் கதைகள். ஆனால் அவற்றோடு அதே நோட்டில், அதே கையெழுத்தில், கப்போ கைதானது எப்படி என்பதும் இருக்கிறது. குடும்பத்தோடு மான் கறி தின்றுகொண்டிருந்தபோது பிடித்தது, வண்டியில் ஏற்றியது, வழிச் சிறையில் காலைக் கட்டையில் மாட்டியது, பிறகு ரயிலில் கேப் டவுன் வந்தது. எந்த ஊற்று யாருடையது, தாத்தாவிடமிருந்து யாருக்கு வந்தது என்பதும் இருக்கிறது.

ஹாம் மொழியில் 'குகும்மி' என்று ஒரு சொல். கதை, செய்தி, பேச்சு, பழங்கால நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். நம்ம 'சங்கதி' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். "என்ன சங்கதி?" என்று கேட்டால் ஊர்க்கதையும் வரும், சாவுச் செய்தியும் வரும். வரலாற்றுத் துறை, நாட்டார் வழக்காற்றியல் துறை என்று தனித்தனியாகப் பிரிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. சொன்னவர்களுக்கு அது ஒன்றுதான்.

நோட்டுகளின் பயணம் இனிமேல்தான். லூசி பதிப்பாளர் தேடி அலைந்து, ஒரு பகுதியை மட்டும் புத்தகமாகக் கொண்டுவர 1911 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 76ஐத் தாண்டியிருந்தது. 1913ல் தென்னாப்பிரிக்காவில் கௌரவ டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார், 1914ல் இறந்தார். பிளீக்கின் மகள் டொரோதியா வேலையைத் தொடர்ந்தார். 1910 வாக்கில் அவர் கரூ பக்கம் போய்ப் பார்த்தபோதே ஹாம் பேசுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். பிறகு அதுவும் இல்லை. மொழி செத்துவிட்டது. டொரோதியா உழைத்த அகராதி, அவர் 1948ல் இறந்து எட்டு வருடம் கழித்து, 1956ல் வந்தது.

நோட்டுகள் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. வந்து... தூங்கின. இதையும் சொல்ல வேண்டும். 'காத்தார்கள், காத்தார்கள்' என்று மட்டும் எழுதினால் அது நூலக ஆண்டறிக்கை ஆகிவிடும். லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ரோஜர் ஹெவிட் என்பவர் 1970களில் இந்த நோட்டுகளைப் பற்றி விசாரிக்கப்போய்த்தான், அவை எங்கே இருக்கின்றன என்று தேடி வெளியே எடுத்தார்கள். நிறவெறி அரசு நடந்த காலம் அது. சான் மக்களின் வரலாறு யாருக்கு வேண்டும்? அலமாரியில் பத்திரமாக இருப்பதும், பட்டியலில் யாரும் கண்டுபிடிக்கும்படி இருப்பதும் வேறு வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறும் கிடங்கு.

வெளியே வந்ததும் நோட்டுகள் வேலை செய்யத் தொடங்கின. டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் இவற்றைக்கொண்டு தென்னாப்பிரிக்கப் பாறை ஓவியங்களுக்குப் புது விளக்கம் கொடுத்தார். (ஓவியங்கள் எல்லாமே பூசாரிகளின் மயக்கநிலைக் காட்சிகளா என்று இன்றுவரை சண்டை ஓடுகிறது, அதற்குள் நான் போகவில்லை.) எனக்கு அதைவிடப் பிடித்தது ஜேனட் டீக்கன் என்ற தொல்லியலாளர் செய்த வேலை. 1980களில் அவர் நோட்டுகளில் இருந்த இடப்பெயர்களையும், கப்போ சொல்லச் சொல்ல பிளீக் வரைந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு கரூவுக்குப் போனார். 'கசப்புக் குழிகள்' என்று பொருள்படும் ஒரு நீர்நிலை, கப்போவின் பரம்பரை இடம். அதைத் தரையில் கண்டுபிடித்துவிட்டார்! பண்ணைக்காரர்களின் வேலிக்குள், வேறு பெயர்களுக்கு நடுவே, காணாமல் போயிருந்த ஒரு ஊர், நூறு வருடத்துக்கு மேல் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தின் உதவியால் மறுபடி ஊர் ஆனது. வட்டார வரலாறு என்றால் இதுதான் வட்டார வரலாறு.

அடுத்து, பகிர்வது. கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியைக் கவனிக்கவும். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பள்ளியைச் சேர்ந்த பிப்பா ஸ்காட்னஸ் தலைமையில், நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தார்கள். தொகுப்பு ஒரே இடத்தில் இல்லை. பல்கலைக்கழகம், தேசிய நூலகம், அருங்காட்சியகம் என்று மூன்று இடத்தில் பிரிந்து கிடந்தது. கணினியில்தான் அவை முதன்முறையாக ஒன்று சேர்ந்தன. 2007ல் ஒரு கனமான புத்தகம், அதோடு முழுத் தொகுப்பும் அடங்கிய டி.வி.டி. இணையதளமும் உண்டு. இதன் கணினிப் பகுதியைச் செய்தவர் அதே பல்கலைக்கழகத்தின் ஹுசைன் சுலேமான். அவர் எடுத்த முடிவு எளிமையானது: டேட்டாபேஸ் வேண்டாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே சாதாரணப் பக்கங்களாகத் தயார் செய்து வைத்துவிடு. எந்த பிரௌசரிலும் திறக்கும், இணைய இணைப்பே இல்லாவிட்டாலும் டி.வி.டி.யிலிருந்து ஓடும், தேடவும் முடியும்.

இது ஏதோ தொழில்நுட்ப விவரம் மாதிரித் தெரியும். இல்லை. ஆப்பிரிக்காவில் பாதி இடங்களில் அப்போது இணையம் ஆமை வேகம். வடக்கு கேப் மாகாணத்தின் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் திறக்க முடியாத ஆவணக் காப்பகம், அந்த ஊருக்கு இல்லாத மாதிரிதான். தவிர, பெரிய பெரிய சாஃப்ட்வேர் போட்டுக் கட்டிய எத்தனை 'டிஜிட்டல் நூலகங்கள்' பணம் நின்றதும் சர்வரோடு மறைந்து போயின! ஒரு கோப்பாகப் படி எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளக்கூடியது அவ்வளவு சீக்கிரம் சாகாது.

இனி 2021க்குத் திரும்புவோம். தீ எச்சரிக்கைக் கருவி வேலை செய்தது. தீத்தடுப்புக் கதவுகள் இறங்கி, வாசிப்புக் கூடத்தைத் தாண்டித் தீ பரவாமல் தடுத்தன. பிளீக் - லாயிட் நோட்டுகள் தப்பின. தப்பாதவை? ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான அச்சு நூல்களின் தொகுப்பு, சுமார் 70,000 நூல்கள், ஏறக்குறைய மொத்தமும் சாம்பல். ஆப்பிரிக்கத் திரைப்படங்களின் 3,500 டி.வி.டி.களும் அப்படியே. ஸ்கேன் செய்வதற்காகவும் பட்டியலிடுவதற்காகவும் மேலே கொண்டுவந்து வைத்திருந்த சில கையெழுத்து ஆவணங்களும் போயின. காப்பாற்றுவதற்காக மேலே எடுத்து வந்ததால் எரிந்தன... என்ன சொல்வது!

அச்சு நூல்தானே, வேறு பிரதி கிடைக்காதா என்று கேட்கலாம். பலவற்றுக்குக் கிடைக்கும். உலகெங்கும் இருந்து நூலகங்களும் பதிப்பாளர்களும் பிரதி தர முன்வந்தார்கள். ஆனால் ஆப்பிரிக்க மொழிகளில் சின்ன அச்சகங்களில் அடித்த நூல்கள், நிறவெறி எதிர்ப்புக் காலத் துண்டுப் பிரசுரங்கள், ஆள் யாரென்றே தெரியாத ஆசிரியர் தன் காசில் போட்ட ஊர் வரலாறு... இவற்றுக்கெல்லாம் இரண்டாவது பிரதி எங்கே போய்த் தேடுவது? வேடிக்கை என்னவென்றால், 'அரிய கையெழுத்துப் பிரதி' என்று பெயர் வாங்கியவை ஸ்கேன் ஆகிவிட்டன, அதனால் எரிந்திருந்தாலும் எழுத்தாவது மிஞ்சியிருக்கும். 'சாதாரண அச்சுப் புத்தகம்' என்று வரிசையில் பின்னால் நின்றவைதான் அடியோடு போயின.

தீ அணைந்ததும் அடுத்த எதிரி தண்ணீர். நூலகத்தின் கீழே இரண்டு நிலவறைத் தளங்கள், அவற்றில் கிலோமீட்டர் கணக்கில் ஆவணங்கள். தீயணைப்புத் தண்ணீர் அங்கேதான் போய் இறங்கியது. நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். கேமராவும் கையெழுத்தும் எல்லாம் அப்புறம், முதலில் வெளியே எடுக்க வேண்டும். மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஊர்க்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, வரிசையாக நின்று, பிளாஸ்டிக் கூடைகளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். ஈரம் குறைவானவை கூடாரங்களில் மேஜை மேல் விரித்துக் காற்றில் உலர்ந்தன. ரொம்ப நனைந்தவை குளிர்பதனக் கண்டெய்னர்களுக்குப் போயின. ஆமாம், மீன் ஏற்றுமதி செய்வார்களே, அதே மாதிரிக் கண்டெய்னர்கள்தான்!

ஏன் உறைய வைக்கிறார்கள் என்றால், உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது, மை மேற்கொண்டு பரவாது. காலம் அப்படியே நின்றுவிடும். பிறகு ஆற அமரக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். வெற்றிடத்தில் வைத்தால் பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகிவிடும், தாள் மறுபடி நனையாது. பளபளப்பான தாளில் அச்சான புத்தகம் மட்டும் நனைந்து காய்ந்தால் செங்கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பெரிதாக வைத்தியம் கிடையாது. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு எண், எந்தத் தளம், எந்த அலமாரி என்ற குறிப்பு. இதைச் செய்யாமல் விட்டால் ஆவணங்கள் தப்பித்தும் அநாதைகள்தான். எது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று தெரியாத ஒரு கடிதம் பாதிக் கடிதம்.

பல்கலைக்கழகத்தைப் பாராட்டி முடித்துவிடலாம்தான். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் 2017ல் இன்னொரு விஷயம் வெளிவந்தது. அதன் உடற்கூறியல் துறை வைத்திருந்த எலும்புக்கூடுகளைக் கணக்கெடுத்தபோது, சில முறைகேடாகப் பெறப்பட்டவை என்று தெரிந்தது. அவற்றில் ஒன்பது பேர் கரூவில் சதர்லாண்ட் என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த சான், கோய் மக்கள். 1920களில் புதைகுழியிலிருந்து தோண்டி எடுத்துக் கொடுக்கப்பட்டவர்கள். பல்கலைக்கழகம் இதைத் தானே வெளியே சொன்னது, ஊரில் இருந்த சந்ததியினரைத் தேடிப் போய்ப் பேசியது. 2023ல் அந்த ஒன்பது பேரும் சதர்லாண்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

ஒரே வளாகம். ஒரு கட்டடத்தில் குரல்கள், இன்னொரு கட்டடத்தில் எலும்புகள். இரண்டுமே 'சேகரிப்பு' என்ற பெயரில் வந்தவை. நோட்டுகளின் பிறப்பும் முழுக்கச் சுத்தமானது இல்லை. இங்கிலாந்தில் இருந்து ஹக்ஸ்லி கேட்டார் என்று, கைதிகளை நிர்வாணமாக அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், அதற்கு ஏற்பாடு செய்தவர்களில் பிளீக்கும் ஒருவர். அந்தப் படங்களும் வரலாற்று ஆவணங்கள்தான். அவற்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போடலாமா? 'திறந்த அணுகல்' என்ற கோஷத்தை நானும் விரும்புகிறவன்தான், ஆனால் இந்த இடத்தில் போடக்கூடாது என்றே நினைக்கிறேன். கதையை ஊருக்குச் சொல்லலாம் என்றுதான் கப்போ சம்மதித்தார். தன் உடம்பை உலகுக்குக் காட்டச் சம்மதித்ததாக எங்கும் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஹாம் மக்களின் வழிவந்தவர்கள் வடக்கு கேப் பகுதியில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது ஆப்பிரிக்கான்ஸ். நோட்டுகளில் இருப்பது ஹாமும் விக்டோரியா காலத்து ஆங்கிலமும். சொந்தத் தாத்தாக்களின் கதையைப் படிக்க அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஸ்கேன் செய்வதை முடித்துவிட்டால் பகிர்ந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க அரசு 2000ல் புதிய சின்னத்தை வெளியிட்டபோது, நாட்டின் குறிக்கோள் வாசகத்தை ஹாம் மொழியில் பொறித்தது. வேறுபட்ட மக்கள் ஒன்றுகூடுவது என்பது அதன் கருத்து. நாணயத்தில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இருக்கிறது. தாய்மொழியாகப் பேச ஒருவரும் இல்லாத மொழி! அந்த வாசகத்தை எழுத உதவியதும் இந்த நோட்டுகள் விட்டுச்சென்ற சொற்கள்தான்.

பார்க்க ஆசைப்படுபவர்கள் இணையத்தில் 'டிஜிட்டல் பிளீக் அண்ட் லாயிட்' என்று தேடுங்கள். ஹாம் படிக்க வராது, பரவாயில்லை. லூசியின் நோட்டு ஒன்றைத் திறந்து இடது பக்கங்களை மட்டும் பாருங்கள். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் நிறுத்தி ஏதோ ஒரு செடியைப் பற்றியோ பறவையைப் பற்றியோ கேட்டிருப்பார், கதைசொல்லி விளக்கியிருப்பார். அதுவரை காலியாகக் கிடந்த பக்கத்தில் பொடி எழுத்தில் அந்தப் பதில் இருக்கும்.